பேக்கப் சாஃப்ட்வேரை மாற்றுவதற்கு முன்னால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

போன ஆவணி முகூர்த்த சீசனில் ஒரு சாயங்காலம். செல்லூரில் வீட்டிலேயே கல்யாணப் பத்திரிகை டி.டி.பி. செய்கிற அண்ணன் ஒருவர், எக்ஸ்டர்னல் டிஸ்க்கை மஞ்சப்பையில் சுற்றிக்கொண்டு பழங்காநத்தத்தில் என் வீட்டுக்கு வந்தார். "தம்பி, பேக்கப்பெல்லாம் ஒழுங்காத்தான் எடுத்து வச்சிருக்கேன். இப்பத் தேவைப்படுறப்பத் திறக்க மாட்டேங்குது. வேற நல்ல சாஃப்ட்வேரா ஒண்ணு சொல்லுப்பா."

ஒரே வருசத்தில் அவர் மூன்று சாஃப்ட்வேர் மாற்றியிருந்தார். முதலாவது பாதியிலேயே நிற்கிறது என்று ஒதுக்கினார். இரண்டாவது ராத்திரி முழுக்க ஓடுகிறது என்று ஒதுக்கினார். மூன்றாவதுதான் மஞ்சப்பையில் இருந்தது. உட்கார்ந்து பார்த்தால் மூன்று தடவையும் சாஃப்ட்வேர் மேல் தப்பில்லை. என்னிடம் வருகிற பேக்கப் புகார்களில் முக்கால்வாசி இப்படித்தான்: டிஸ்க், கேபிள், கரண்ட், இல்லாவிட்டால் எடுத்தவரின் கை. சாஃப்ட்வேரை மாற்றியே தீரவேண்டிய அறிகுறிகளும் உண்டு, ஆனால் கொஞ்சம்தான். அதனால் 'எது நல்ல சாஃப்ட்வேர்' என்று ஆரம்பிக்காமல் 'என்ன ஆகிறது' என்று ஆரம்பிக்கிறேன். மாற்றணுமா வேண்டாமா என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று சொற்களை மட்டும் முதலில் பிரித்துக்கொள்வோம். ஃபைல் பேக்கப் என்றால் பீரோவில் இருக்கிற நகையையும் பத்திரத்தையும் மட்டும் எடுத்து இன்னொரு வீட்டில் வைப்பது. டிஸ்க் இமேஜ் என்றால் வீட்டையே, ஸ்விட்ச் போர்டு ஒயரிங் வரைக்கும், ஒரு பெட்டிக்குள் மடித்து வைப்பது. டிஸ்க் செத்தால் புது டிஸ்க்கில் அப்படியே விரித்துக்கொள்ளலாம், விண்டோஸ் மறுபடி போட வேண்டாம். குளோன் என்றால் பெட்டியே கிடையாது, பக்கத்து மனையில் அதே வீட்டை உடனே எழுப்புவது. பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு மாறுகிறவருக்கு குளோன் போதும். போன வாரம் தெரியாமல் அழித்த ஃபைல் வேண்டுமென்றால் அதில் கிடைக்காது.

பேக்கப் பாதியில் நிற்கிறது

எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதிலேயே பாதி விடை இருக்கிறது.

ஒவ்வொரு முறையும் 4 ஜி.பி. எழுதியதும் நின்றால், எழுதப்படுகிற டிஸ்க் அல்லது பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது. அந்த முறையில் ஒரு தனி ஃபைல் 4 ஜி.பி.யைத் தொட முடியாது. டிஸ்க்கில் 900 ஜி.பி. காலியாக இருந்தாலும் 'இடமில்லை' என்றே சொல்லும். அண்ணனின் முதல் சாஃப்ட்வேர் இதில்தான் பலியானது. மை கம்ப்யூட்டரில் அந்த டிரைவை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள், ஃபைல் சிஸ்டம் என்ற வரியில் எழுதியிருக்கும். உள்ளே இருப்பதை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு என்.டி.எஃப்.எஸ். ஆக ஃபார்மட் செய்தால் தீர்ந்தது. ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் ஒருவர் செய்துவிட்டுத்தான் போன் பண்ணினார்.

ஒவ்வொரு முறையும் ஒரே சதவீதத்தில், உதாரணமாக 63இல், 'டேட்டா எரர், சைக்ளிக் ரிடண்டன்சி செக்' என்று நின்றால் இது வேறு சங்கதி. படிக்கப்படுகிற டிஸ்க்கில் கெட்டுப்போன செக்டர், அதாவது டேட்டா எழுதும் சின்னக் கட்டம், இருக்கிறது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவியை ஓட்டி, 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்பது டிஸ்க் ஏற்கெனவே ஒதுக்கிவிட்டு மாற்று இடம் கொடுத்த செக்டர்கள். சி5 என்பது படிக்க முடியாமல் தொங்கிக்கொண்டிருப்பவை. சி6 என்பது கைவிடப்பட்டவை. சி5 பூஜ்யமாக இல்லாமல், நாளுக்கு நாள் ஏறவும் செய்தால், அந்த டிஸ்க் மூட்டை கட்டிவிட்டது என்று அர்த்தம்.

இந்த இடத்தில் ஆளாளுக்கு 'செக்டிஸ்க் போடு' என்பார்கள், விண்டோஸோடு வரும் டிஸ்க் சோதனைக் கருவி அது. சாகக் கிடக்கிற டிஸ்க்கில் செக்டிஸ்க்கை முழு ஸ்கேனாக ஓட்டுவது, மூச்சு வாங்குகிறவரை அழகர்மலை உச்சி வரைக்கும் நடக்க வைக்கிற மாதிரி. முதலில் இல்லாமல் முடியாத ஃபைல்களை மட்டும் கையால் காப்பி பண்ணுங்கள். அதன்பிறகு முழு டிஸ்க்கும் வேண்டுமென்றால், லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து டிடி-ரெஸ்க்யூ என்ற கருவியால் நகலெடுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடத்துக்குக் கடைசியில்தான் திரும்பி வரும். செக்டிஸ்க்கை அந்த நகலில் ஓட்டிக்கொள்ளலாம்.

சி7 என்ற வரி மட்டும் ஏறுகிறதென்றால் டிஸ்க்கைத் திட்டாதீர்கள். அது பெரும்பாலும் கேபிள். நூறு, இருநூறு ரூபாயில் முடிகிற வேலை.

நிற்கிற இடம் தினம் ஒன்றாக மாறி, எக்ஸ்டர்னல் டிஸ்க் 'டிங்' என்று காணாமல் போய்ப் போய் வந்தால் கேபிள், முன்பக்க யூ.எஸ்.பி. போர்ட், ஸ்லீப் இந்த மூன்றையும் சந்தேகப்படுங்கள். டெஸ்க்டாப்பின் பின்பக்கப் போர்ட்டில் நேராகச் செருகுங்கள். பவர் செட்டிங்கில் ஸ்லீப்பை 'நெவர்' ஆக்குங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் போகும் நாளைப் பேப்பரில் பார்த்துவிட்டு பேக்கப்பை அன்று தள்ளிப் போடுங்கள். யூ.பி.எஸ். இருக்கிறதே என்பீர்கள். டெஸ்க்டாப்பை ஒழுங்காக ஆஃப் பண்ணும் வரைக்கும் தாங்குவதுதான் வீட்டு யூ.பி.எஸ்.ஸின் வேலை. ஒரு மணி நேர இமேஜுக்கு அது ஈடு கொடுக்காது.

இந்த அறிகுறி எதற்கும் சாஃப்ட்வேரை மாற்ற வேண்டாம்.

'ஷேடோ காப்பி' என்று பிழை வருகிறது

பார்த்தவுடன் பயமுறுத்துவது இதுதான். என்ன நடக்கிறதென்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

நீங்கள் டேலியைத் திறந்து வைத்துக்கொண்டு பில் போடுகிறீர்கள். அதே நேரத்தில் இமேஜ் எடுக்கும் சாஃப்ட்வேர் அந்த ஃபைலைப் படிக்க வேண்டும். பாதி எழுதிய பக்கத்தைப் படித்தால் நகல் குழம்பிவிடும். அதனால் விண்டோஸுக்குள் வால்யூம் ஷேடோ காப்பி என்று ஒரு சேவை வைத்திருக்கிறார்கள். கல்யாண வீட்டில் போட்டோகிராபர் 'ஒரு நிமிசம், அசையாதீங்க' என்கிற மாதிரி, அது டிரைவையே ஒரு கணம் உறைய வைத்துப் படம் பிடிக்கிறது. இமேஜ் சாஃப்ட்வேர் அந்தப் படத்திலிருந்து படிக்கிறது, நீங்கள் பாட்டுக்கு பில் போடலாம். விண்டோஸுக்குள்ளிருந்து ஓடுகிற இமேஜ் சாஃப்ட்வேர்களில் ஏறக்குறைய எல்லாமே இந்தச் சேவையைத்தான் நம்பியிருக்கின்றன. ஆகவே இந்தப் பிழைக்காக ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவினால் அங்கேயும் அதே பிழை உங்களுக்காகக் காத்திருக்கும்.

அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, 'வி-எஸ்-எஸ்-அட்மின்' என்று ஒரே சொல்லாகவும், இடைவெளி விட்டு 'லிஸ்ட்', மறுபடி இடைவெளி விட்டு 'ரைட்டர்ஸ்' என்றும் ஆங்கிலத்தில் அடியுங்கள். நீளமாக ஒரு பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் கீழே 'ஸ்டேபிள்' என்றும் 'நோ எரர்' என்றும் இருக்க வேண்டும். எதிலாவது 'ஃபெயில்ட்' என்று இருந்தால் கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து ஆன் பண்ணுவது வேறு, ரீஸ்டார்ட் வேறு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன் ஆக இருந்தால் ஷட் டவுன் முழுதாக மூடுவதில்லை. பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும்.

சரியாகாவிட்டால், பழைய பேக்கப் சாஃப்ட்வேர்கள் எத்தனை கிடக்கின்றன என்று பாருங்கள். அண்ணனின் கணினியில் மூன்றும் இருந்தன, எதையும் அவர் அன்இன்ஸ்டால் செய்யவில்லை. "இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன், சோறா கேக்குது?" என்றார். கேட்கத்தான் செய்கிறது. இவற்றில் பல, டிரைவர் என்கிற குட்டி நிரல் ஒன்றை விண்டோஸுக்குள் ஆழமாக நட்டுவிட்டுப் போகின்றன. மூன்று போட்டோகிராபர்கள் ஒரே மேடையில் நின்று 'இங்கிட்டுப் பாருங்க, அங்கிட்டுப் பாருங்க' என்றால் மாப்பிள்ளை எங்கே பார்ப்பார்? ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கி, ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

80780119 என்று முடிகிற எண் வந்தால், அது விண்டோஸோடு வரும் 'சிஸ்டம் இமேஜ்' வசதியின் பிழை. சி டிரைவில் இடம் நிறைய இருந்தாலும் வரும். ஏனென்றால் அது கணக்குப் பார்ப்பது கண்ணுக்குத் தெரியாத குட்டிப் பார்ட்டிஷன்களையும், அதாவது டிஸ்க்கைத் தடுத்துப் பிரித்த அறைகளையும், சேர்த்து. 500 எம்.பி.க்குக் குறைவான பார்ட்டிஷனில் 50 எம்.பி.யாவது, அதைவிடப் பெரியதில் 320 எம்.பி.யாவது காலியாக இருக்க வேண்டும் என்பது அதன் விதி. ரெகவரி பார்ட்டிஷன் நிரம்பியிருந்தால் முரண்டு பிடிக்கும். பார்ட்டிஷனைப் பெரிதாக்கிச் சரிசெய்யலாம். நான் செய்ய மாட்டேன். அந்த வசதியை மைக்ரோசாஃப்ட்டே 2017இல், விண்டோஸ் 10இன் 1709 பதிப்போடு, கைவிடப்படும் பட்டியலில் போட்டுவிட்டது. கன்ட்ரோல் பேனலில் இன்றும் 'விண்டோஸ் 7' என்ற பெயரோடு அது இருப்பதைப் பார்த்தாலே வயசு தெரியும். இந்த அறிகுறிக்குத் தாராளமாக மாற்றுங்கள்.

ராத்திரி முழுக்க ஓடுகிறது

யூ.எஸ்.பி. 2 வழியாக ஒரு நொடிக்கு 30, 40 எம்.பி.தான் நடைமுறையில் போகும். 200 ஜி.பி. எழுத ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அதே டிஸ்க்கை யூ.எஸ்.பி. 3 போர்ட்டில், பல கணினிகளில் உள்ளே நீல நிறமாக இருக்கும், செருகினால் அரை மணியில் முடியும். கேபிளும் 3ஆக இருக்க வேண்டும். அண்ணன் போர்ட்டைச் சரியாகத்தான் போட்டிருந்தார். அவருடைய பழைய கேபிள் 2.

முதல் பத்து நிமிடம் பறந்துவிட்டு அப்புறம் மாட்டுவண்டி ஆனால், டிஸ்க்கின் உள்வேலை அப்படி. இன்றைய சின்ன எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குகளில் பல, தடங்களை ஓட்டு வீட்டு ஓடுகள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதுகின்றன. தொடர்ந்து எழுதும்போது பழையதைப் பிரித்து மறுபடி அடுக்க வேண்டியிருப்பதால் திணறும். பேக்கப்புக்கு அது பரவாயில்லை, ராத்திரி ஓடட்டும். முதல் முழு இமேஜுக்குப் பிறகு இன்கிரிமென்டல் வைத்தால், மாறியதை மட்டும் எழுதிவிட்டுச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இன்கிரிமென்டல் வசதி இலவசப் பதிப்பில் இல்லையென்றால் மட்டும் வேறு பாருங்கள்.

இமேஜ் இருக்கிறது, திறக்க மாட்டேன் என்கிறது

மஞ்சப்பை டிஸ்க்கின் கதை இதுதான்.

இன்கிரிமென்டல் என்பது மாலை கட்டுகிற மாதிரி. முதலில் ஒரு முழு இமேஜ், அது பெரிய ஃபைல். அதன்பிறகு தினமும் அன்றைக்கு மாறியது மட்டும், சின்னச் சின்ன ஃபைல்கள். இன்றைய நிலை வேண்டுமென்றால் முதல் முடிச்சிலிருந்து எல்லாப் பூவும் இருக்க வேண்டும். அண்ணனின் டிஸ்க் நிரம்பி, 'இடமில்லை' என்று எச்சரிக்கை வந்திருக்கிறது. அவர் ஃபோல்டரைத் திறந்து பார்த்திருக்கிறார். "மே மாசத்து ஃபைல் ஒண்ணு 160 ஜி.பி. அடைச்சுக்கிட்டு கெடந்துச்சு தம்பி. பழசுதானேன்னு அழிச்சுட்டேன். புதுசெல்லாம் பத்திரமா வச்சிருக்கேன்." அவர் அழித்தது முதல் முடிச்சு. மிச்சமிருந்த அறுபத்துச் சொச்சம் சின்ன ஃபைல்களில் ஒன்றும் உதவாது. எந்தக் கருவியாலும் திறக்க முடியாது.

பேக்கப் ஃபோல்டருக்குள் கை வைக்கவே வைக்காதீர்கள். எத்தனை நாள் அல்லது எத்தனை பிரதி வைக்கலாம் என்று சாஃப்ட்வேருக்குள்ளேயே சொல்லிவிட்டால், அது பழையதை முழு இமேஜோடு சேர்த்துவிட்டு ஒழுங்காக நீக்கும். இந்த வசதி இல்லாத சாஃப்ட்வேர், இருந்தும் இலவசப் பதிப்பில் பூட்டி வைத்திருக்கிற சாஃப்ட்வேர், இரண்டும் வீட்டுக்கு ஆகாது. மாற்றுங்கள். டிஸ்க் நிரம்பினால் எச்சரிக்கை உங்கள் கண்ணில் படுகிறதா என்றும் பாருங்கள். சித்திரையிலேயே நின்றுபோன பேக்கப்பை ஐப்பசியில் கண்டுபிடித்தவர்களை எனக்குத் தெரியும்.

ஃபைல்கள் எல்லாம் சரியாக இருந்தும் திறக்காவிட்டால், பாஸ்வேர்டு போட்டு எடுத்தீர்களா என்று யோசியுங்கள். ஒழுங்காக என்கிரிப்ட் செய்த இமேஜை மறந்துபோன பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ரெஸ்க்யூ பென் டிரைவ் பூட் ஆகவில்லை, அல்லது ஆகியும் டிஸ்க்கைக் காட்டவில்லை

ஒரு இமேஜ் சாஃப்ட்வேர் தேறுமா தேறாதா என்பதை நான் இங்கேதான் முடிவு செய்வேன். இமேஜ் எடுக்க எல்லோருக்கும் தெரியும். விண்டோஸே இல்லாத கணினியில் அதைத் திரும்ப விரிக்க இந்தப் பென் டிரைவ் ஒன்றுதான் வழி. சாஃப்ட்வேர் போட்ட அன்றைக்கே இதைச் செய்து, பூட் செய்து, உங்கள் உள் டிஸ்க்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் அதற்குத் தெரிகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். ரீஸ்டோர் பட்டனைத் தொட வேண்டாம், பார்த்துவிட்டு வெளியே வந்தால் போதும்.

பூட் மெனு பட்டன் கணினிக்குக் கணினி மாறும். டெல்லிலும் லெனோவோவிலும் பெரும்பாலும் எஃப்12, எச்.பி.யில் எஃப்9. பென் டிரைவே பட்டியலில் வராவிட்டால் வேறு போர்ட். வந்தும் சிவப்பெழுத்தில் மறுத்தால் செக்யூர் பூட், தெரியாத எதையும் பூட் ஆக விடாத காவல்காரன். அதை ரீஸ்டோர் முடியும் வரைக்கும் அணைத்து வைக்கலாம். கணினியில் பிட்லாக்கர் (டிஸ்க்கையே பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால், அணைத்த பிறகு விண்டோஸ் ரெகவரி கீ கேட்கும். கீ கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அணையுங்கள்.

பூட் ஆகிவிட்டது, எக்ஸ்டர்னல் டிஸ்க் தெரிகிறது, லேப்டாப்பின் சொந்த எஸ்.எஸ்.டி.யை மட்டும் காணோம். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் வந்த பல லேப்டாப்களில் இது சகஜம். பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் கணினியின் அடிப்படை செட்டிங்கில், வி.எம்.டி. அல்லது ஆர்.எஸ்.டி. என்று டிஸ்க்கை நிர்வகிக்கும் இன்டெல் வசதி ஆன் ஆக இருக்கும். அந்த டிரைவர் பென் டிரைவுக்குள் இல்லாவிட்டால் டிஸ்க் கண்ணுக்குத் தெரியாது. பென் டிரைவ் தயாரிக்கும்போதே 'இந்தக் கணினியின் டிரைவர்களையும் சேர்' என்கிற மாதிரி ஒரு டிக் இருக்கும், அதைப் போடுங்கள். அப்படியும் வரவில்லை என்றால், லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து அந்த டிரைவரை இறக்கிப் பென் டிரைவில் போட்டு, ரெஸ்க்யூ திரைக்குள்ளிருந்து ஏற்ற வழி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வழியும் இல்லாத சாஃப்ட்வேரை உடனே மாற்றுங்கள். எத்தனை அழகான திரை இருந்தாலும் சரி.

பயாஸில் அதை ஏ.எச்.சி.ஐ. என்ற பொதுவான முறைக்கு மாற்றிவிட்டால் தெரியுமே என்று ஒரு குறுக்கு வழி சொல்வார்கள். தெரியும். ஆனால் அப்படியே மாற்றினால் ஏற்கெனவே இருக்கிற விண்டோஸ் 'இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத்திரை காட்டிவிடும். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், முதலில் எம்.எஸ்.கான்ஃபிக் என்ற விண்டோஸ் செட்டிங் கருவியில் சேஃப் பூட் டிக் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். போகிற வழியில் பயாஸுக்குள் நுழைந்து மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை ஏறி இறங்கிவிட்டு டிக்கை எடுத்துவிடுங்கள்.

ரீஸ்டோர் முடிந்தது, விண்டோஸ் எழவில்லை

பதற வேண்டாம், ஃபைல்கள் பத்திரமாகத்தான் இருக்கின்றன. வாசலைத்தான் காணோம்.

இமேஜ் எடுக்கும்போது சி டிரைவை மட்டும் டிக் செய்திருப்பீர்கள். இன்றைய கணினிகளில் எழுப்பிவிடும் வேலை சி டிரைவில் இல்லை. பக்கத்தில் இ.எஃப்.ஐ. என்று நூறு, இருநூறு எம்.பி. அளவில் ஒரு குட்டிப் பார்ட்டிஷன் இருக்கிறது, அதில் இருக்கிறது. எப்போதும் முழு டிஸ்க்கையும் எடுங்கள். இப்போதைக்கு, ரெஸ்க்யூ பென் டிரைவில் பூட் பிரச்சினையைச் சரிசெய்யும் மெனு இருந்தால் அதை ஓட்டுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவில் பூட் செய்து, 'ரிப்பேர்' வழியாக ஸ்டார்ட்அப் ரிப்பேரை ஓட்டுங்கள்.

பென் டிரைவைப் பூட் செய்த முறையும் முக்கியம். பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு பெயரில் வரும், ஒன்றின் முன்னால் யூ.இ.எஃப்.ஐ. என்று இருக்கும் (அது புது பூட் முறை, மற்றது பழையது). பழைய விண்டோஸ் எந்த முறையில் இருந்ததோ அதே முறையில் பூட் செய்துதான் ரீஸ்டோர் செய்ய வேண்டும்.

குளோன் செய்தவர்கள் முதல் பூட்டின்போது பழைய டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். ஒரே அடையாள எண்ணோடு இரண்டு டிஸ்க் இருந்தால் விண்டோஸ் குழம்பும், ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடும். 1 டி.பி. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி.க்குப் போகிறவர்கள் குளோன்ஸில்லா என்ற இலவசக் கருவியை எடுக்காதீர்கள். டேட்டா 100 ஜி.பி.தான் என்றாலும், போய்ச் சேரும் டிஸ்க் மூல டிஸ்க்கின் அளவாவது இருக்க வேண்டும் என்று அது அடம் பிடிக்கும். அது குறையில்லை, அதன் சுபாவம்.

48 இலக்கச் சாவி கேட்கிறது

பிட்லாக்கர். நீங்கள் ஆன் பண்ணவே இல்லை என்று சத்தியம் செய்வீர்கள், நம்புகிறேன். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு செட் செய்த பல லேப்டாப்களில் அது தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. அதே கணக்கில் உள்ளே போய் ரெகவரி கீ பக்கத்தைப் பாருங்கள், அங்கே இருக்கும். யார் கணக்கில் முதலில் செட் செய்தார்கள் என்பதுதான் வம்பு. கடைப் பையனே தன் கணக்கில் செட் செய்து கொடுத்த லேப்டாப்பை நான் பார்த்திருக்கிறேன். கீயை இன்றே நோட்டில் எழுதி வையுங்கள், லேப்டாப் பைக்குள் வேண்டாம்.

இன்னொன்று. விண்டோஸுக்குள்ளிருந்து எடுக்கிற இமேஜில் டேட்டா பூட்டு இல்லாமல்தான் போய் உட்கார்கிறது. ரீஸ்டோர் செய்ததும் பிட்லாக்கரை மறுபடி ஆன் பண்ண வேண்டும். எக்ஸ்டர்னல் டிஸ்க் தொலைந்தாலும் ஆபத்துத்தான். ஆதார், பான் நகல்கள் இருக்கும் வீடு என்றால் இமேஜுக்குப் பாஸ்வேர்டு போடுங்கள்.

எல்லாம் வந்துவிட்டது, தமிழ் எழுத்தைக் காணோம், டேலி காலியாக இருக்கிறது

ஃபைல் பேக்கப் மட்டும் எடுக்கிறவர்களுக்கு வரும் நோய் இது. மதுரையில் பத்திரிகை, நோட்டீஸ், கோவில் திருவிழா பிட் நோட்டீஸ் அடிக்கிறவர்களுக்குத் தினசரி ரோதனை.

பழைய டி.டி.பி. ஃபைல்கள் யூனிகோடு கிடையாது. பாமினி மாதிரியான எழுத்துருக்களில், ஆங்கில விசைகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியவை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'ஸ்ரீ' இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலக் குப்பை நிற்கும். ஃபைல் கெடவில்லை, எழுத்துருதான் வந்து சேரவில்லை. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸை மட்டும் காப்பி பண்ணினாலும் போதாது. விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, சும்மா 'இன்ஸ்டால்' கொடுத்தால் எழுத்துரு உங்கள் யூசர் ஃபோல்டருக்குள், ஆப்டேட்டா என்ற மறைந்த இடத்தில் போய் உட்காருகிறது. 'எல்லாப் பயனருக்கும்' என்று கொடுத்தால்தான் பழைய இடம். இரண்டு இடத்தையும் எடுங்கள்.

டேலிப்ரைம் தன் டேட்டாவை வழக்கமாக டாக்குமென்ட்ஸில் வைப்பதில்லை. யூசர்ஸ் ஃபோல்டருக்குள் பப்ளிக், அதற்குள் டேலிப்ரைம், அதற்குள் டேட்டா. ஆடிட்டரிடம் போகிற நாளில் இதைக் கண்டுபிடிப்பதைவிட இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் கேள்விக்குறி வரிசையாக வந்தால், நடுவில் எங்கோ ஒரு பழைய ஜிப் கருவி புகுந்திருக்கிறது. அதை மாற்றுங்கள், பேக்கப் சாஃப்ட்வேரை விட்டுவிடுங்கள்.

முழு டிஸ்க் இமேஜ் எடுக்கிறவருக்கு இந்த மூன்றில் ஒன்றுமே வராது. வீட்டுக் கணினிக்கு இமேஜ் எடுங்கள் என்று நான் நச்சரிப்பதற்கு இதுவே பாதிக் காரணம்.

ஃபைல் பெயர்களின் கடைசியில் புதுசாக ஒரு வால்

எல்லா ஃபைலுக்கும் ஒரே அறிமுகமில்லாத வால் முளைத்து, ஃபோல்டரில் மிரட்டல் கடிதம் இருந்தால் ரான்சம்வேர், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். நெட்டைத் துண்டியுங்கள், எக்ஸ்டர்னல் டிஸ்க்கைப் பிடுங்குங்கள். அது நாள் முழுக்கச் செருகியே இருந்திருந்தால் உள்ளே இருக்கும் பேக்கப்பும் பூட்டப்பட்டிருக்கலாம். ஒன்டிரைவில் இருக்கிறதே என்றால், அது அடிப்படையில் ஒத்திசைவுதான். இங்கே கெட்டது அங்கேயும் போய்க் கெடும். பழைய பிரதியை மீட்க வழி உண்டு, நாள் கணக்கு உண்டு, இலவச இடம் 5 ஜி.பி.தான். பேக்கப் முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றுங்கள். வீம் ஏஜென்ட் என்ற பேக்கப் சாஃப்ட்வேரில், முடிந்ததும் தானே இஜெக்ட் செய்யும் டிக் ஒன்று இருக்கிறது. மறதிக்காரர்களுக்கு நல்லது. கிராக் செய்த பேக்கப் சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்கள் நோய் எந்த வழியாக வந்தது என்று என்னிடம் கேட்க வேண்டாம்.

மாற்றுவதென்றால் எதற்கு

மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டின் இலவசப் பதிப்பை இன்னும் வைத்திருப்பவர்கள் ஊரில் நிறையப் பேர். நல்ல சரக்கு, நானும் பல வீட்டில் போட்டேன். 2024 ஜனவரி 1க்குப் பிறகு அதற்குப் பாதுகாப்புத் திருத்தமும் கிடையாது. காசு கொடுக்கத் தயார் என்றால் அதே கம்பெனியின் கட்டணப் பதிப்புக்குப் போகலாம். அக்ரோனிஸும் காசுக்குத்தான், வருடச் சந்தா.

இலவசமாக வேண்டும், தினமும் தானாக ஓட வேண்டும் என்பவருக்கு வீம் ஏஜென்ட்டின் இலவசப் பதிப்பைப் போடுகிறேன். ஒரே ஒரு பேக்கப் வேலைதான் வைக்கலாம், வீட்டுக்கு அது தாராளம். கணினியின் டிரைவர்களைச் சேர்த்து ரெஸ்க்யூ பென் டிரைவ் செய்து தருகிறது. எப்போதாவது ஒருமுறை, உதாரணமாக விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவு முடிந்ததால் 11க்கு ஏறுவதற்கு முன்னால், ஒரு இமேஜ் எடுத்து வைக்க வேண்டும் என்பவருக்கு ரெஸ்க்யூஸில்லா. தைவானில் உருவான குளோன்ஸில்லாவின் இமேஜை அதுவும் படிக்கும். கறுப்புத் திரைக்குப் பதில் மவுஸால் சொடுக்கலாம். விண்டோஸுக்கு வெளியிலிருந்து எடுப்பதால் ஷேடோ காப்பி வம்பும் இல்லை.

எதைப் போட்டாலும் மாதம் ஒருமுறை இமேஜை ஒரு டிரைவ் மாதிரி திறந்து, ஒரு பத்திரிகை ஃபைலையாவது வெளியே எடுத்துப் பாருங்கள். 'வெரிஃபை' பட்டன் பச்சை காட்டினால் ஃபைல் சிதையவில்லை என்றுதான் அர்த்தம், நீங்கள் நினைத்தது உள்ளே இருக்கிறது என்று அர்த்தமில்லை.

அண்ணனுக்கு அன்றைக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தது. அவருடைய உள் டிஸ்க்கில் சி5 ஏறிக்கொண்டிருந்தது, ஆனால் முழுதாகச் சாகவில்லை. டிடி-ரெஸ்க்யூ இரண்டு ராத்திரி ஓடி, பெரும்பகுதியை மீட்டது. போனவற்றில் அச்சுக்குப் போக இருந்த ஒரு காதுகுத்துப் பத்திரிகையும் சேர்த்தி, அதை அவர் பிரிண்ட் எடுத்திருந்த புரூஃபைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தார். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்று பீட்டர் குரோ என்கிற போட்டோகிராபர் சொன்ன கணக்கை அவரிடம் சொன்னேன். மழைக்குச் செல்லூரில் தண்ணீர் ஏறுகிறதைப் பார்த்தவர் என்பதால் 'வீட்டுக்கு வெளியே' என்பது மட்டும் அவருக்கு உடனே பிடித்துப்போனது. இப்போது இரண்டாவது டிஸ்க் திருமங்கலத்தில், மதினியின் அம்மா வீட்டு பீரோவில், பட்டுச்சேலைகளுக்கு நடுவில் இருக்கிறது. அமாவாசைக்கு அமாவாசை அங்கே போகும்போது எடுத்து வந்து, இமேஜ் எடுத்து, அடுத்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பழைய மூன்று சாஃப்ட்வேரில் கடைசியாக இருந்ததைத்தான் திரும்பவும் போட்டுக் கொடுத்தேன்.